வெங்காயம் சிவக்கும் வரை

டெல்லிக்குப் போகும் நம்மவர்களின் பயணத் திட்டத்தை மனப்பாடமாக ஒப்பிக்கலாம். செங்கோட்டை, குதுப் மினார், ஆக்ராவுக்கு ஒரு நாள், கரோல் பாக்கில் ஸ்வெட்டர். பசித்தால் மட்டும் ‘நம்ம ஊர் சாப்பாடு எங்கே கிடைக்கும்?’ அந்த ஊர் வீடுகளிலேயே சமைக்கக் கற்றுத்தருகிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள், ‘சமையல் கிளாஸுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?’ என்பார்கள். வெள்ளைக்காரர்கள் அங்கே உட்கார்ந்து சப்பாத்தி தேய்க்கிறார்கள். நம்மவர் தலை தெரிவது அபூர்வம். எரிச்சல் வருமா, வராதா?

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் மூன்று, நான்கு மணி நேரம். வீட்டுக்காரரோடு சேர்ந்து சமைத்து, சமைத்ததையே சாப்பிட வேண்டும். சைவம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். சந்தைக்கும் கூட்டிப்போகிறேன் என்பவர் கிடைத்தால் விடாதீர்கள். சாந்தினி சௌக்கின் மேற்குக் கோடியில், ஃபதேபுரி மசூதிக்குப் பக்கத்தில் இருக்கிறது காரி பாவ்லி மசாலாச் சந்தை. மிளகாய் நெடியில் தும்மாமல் திரும்பியவர் இல்லை. காலையில் அதிகம் சாப்பிடாமல் போங்கள். அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். டெல்லிச் சமையல் என்று ஒன்றே ஒன்று கிடையாது. ஜாமா மசூதியைச் சுற்றிய பழைய டெல்லி முஸ்லிம் வீட்டுச் சமையல் ஒன்று. காயஸ்தர் சமூகத்தினர் வீட்டுக் கறி தனி. 1947 பிரிவினையில் வந்து சேர்ந்த பஞ்சாபிகளின் கைப்பக்குவம் வேறு. ஊரே டெல்லியின் அடையாளமாகக் கொண்டாடும் பட்டர் சிக்கன், பெஷாவரிலிருந்து வந்தவர்கள் தரியாகஞ்சில் நடத்திய மோத்தி மஹாலால் புகழ்பெற்றது. நல்ல பண்டம்தான், ஆனால் ஓட்டல் பண்டம். அதைக் கற்க ஒரு வீட்டுக்குப் போவானேன்?

எந்தச் சமையல் எது என்று கண்டுபிடிக்க வெங்காயத்தைப் பாருங்கள். நம் சாம்பாருக்கு அது கண்ணாடிபோல் ஆனால் போதும். பஞ்சாபி வீட்டு அன்றாட மசாலாவுக்குப் பொன்னிறம், அதன்மேல் தக்காளி. வெங்காயத்தில் குறை இருந்தாலும் தக்காளியின் புளிப்பு மூடிவிடும். பழைய டெல்லி குர்மாவில் அந்தச் சலுகை கிடையாது. தக்காளி இல்லை, மஞ்சள்தூள்கூட இல்லை. (நம் ஓட்டல் தேங்காய்க் குருமாவைத் தயவுசெய்து மறந்துவிட்டுப் போங்கள்.) நிறத்தையும் இனிப்பையும் வெங்காயமே தந்தாக வேண்டும். ஆகவே மெலிதாக, ஒரே கனத்தில் அரிய வேண்டும். கனம் மாறினால் ஒன்று கருகும்போது இன்னொன்று வெளுத்துக் கிடக்கும். தாராளமான எண்ணெயில் நிதானமாகச் சிவக்கவிட்டு, வேண்டிய நிறம் வருவதற்குச் சற்று முன்பே அள்ளிவிட வேண்டும். வெளியே எடுத்த பிறகும் தன் சூட்டிலேயே அது சிவந்துகொண்டு போகும். அசந்தால் கசப்பு, மொத்தச் சட்டியும் பாழ். பரப்பி ஆறவிட்டால் மொறுமொறுவென்று ஆகும். அதைக் கையால் நொறுக்கித் தயிரோடு கறியில் சேர்ப்பார்கள். மிக்ஸியில் விழுதாக அரைத்தால் குழம்பு கொழகொழத்துவிடும். நொறுக்கிப் போட்டால் நாக்கில் மெல்லிய மணல்மணலாகத் தட்டுப்படும். ‘தானேதார்’ என்று அவர்கள் மெச்சுவது இதைத்தான்.

எனவே என் தீர்ப்பு இது: வெங்காயத்தை முன்கூட்டியே நறுக்கிக் கிண்ணத்தில் வைத்திருக்கும் வகுப்பு வகுப்பே அல்ல. ஏப்ரன் மாட்டி, இரண்டு மணி நேரத்தில் ஆறு பண்டம் காட்டி, சான்றிதழோடு போட்டோ எடுத்து அனுப்பும் இடங்கள் வெறும் நாடகக் கொட்டகை. அவற்றைப் புகழும் உணவு விமர்சகர்கள் ‘நவாபுகளின் ரகசிய மசாலா’ என்று எழுதுவார்கள். ரகசியமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அடுப்பை விட்டு நகராமல் நின்றவர்களின் கால்வலிதான் அந்த ருசி. ரீல்ஸ் எடுக்கப் போனவருக்கு அது எப்படித் தெரியும்?

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். சொல்லித்தரும் அம்மாவைத் தொடக்கத்திலேயே அளவு கேட்டுத் துளைக்காதீர்கள். கையைப் பாருங்கள், அடுப்பை எப்போது தணிக்கிறார் என்று கவனியுங்கள். சாப்பிட உட்கார்ந்ததும், விருந்தாளி இல்லாத நாளில் என்ன சமைப்பீர்கள் என்று மெதுவாகக் கேளுங்கள். பத்துவா கீரை போட்ட தயிர்ப் பச்சடி, வெந்தயக் கீரையும் உருளைக்கிழங்கும் என்று பட்டியலில் இல்லாதவை வெளியே வரும். செய்துகாட்டச் சொல்லிக் கெஞ்சுங்கள், வெட்கம் வேண்டாம்.

டிசம்பர், ஜனவரியில் போனால் இந்தக் கீரைகளோடு அல்வாவுக்கான சிவப்புக் கேரட்டும் கிடைக்கும். கறி கற்க வேண்டுமானால் இந்து வீடுகளில் செவ்வாய்க்கிழமை கேட்காதீர்கள், பலர் அன்று அசைவம் தொடுவதில்லை. பழைய டெல்லி முஸ்லிம் வீடு என்றால் ரம்ஜான் நோன்பு மாதம் முடிந்த பிறகு போங்கள்.