மஞ்சள் கண் திறந்தபோது

1803 ஜனவரி, லண்டன். தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஃபாஸ்டரின் உடலில் இத்தாலிய விஞ்ஞானி ஜியோவானி ஆல்தினி மின்சாரம் பாய்ச்சினார். தாடை துடித்தது, ஒரு கண் திறந்தது, வலக்கை மேலெழுந்தது. கூடியிருந்தவர்கள் மிரண்டார்கள். இறந்த உடலை எழுப்பிவிட முடியுமா என்பது அன்றைய ஐரோப்பாவின் நிஜமான விவாதம்.

1816 கோடையில் ஜெனிவா ஏரிக்கரை மாளிகையில், ஓயாத மழையால் அடைந்துகிடந்த நண்பர்களிடம் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன். 18 வயது மேரி ஷெல்லிக்கு அந்த விவாதத்திலிருந்தே கதை கிடைத்தது. 1818 ஜனவரியில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' வெளிவந்தது. 500 பிரதிகள், ஆசிரியர் பெயர் கிடையாது.

அதுவரை காத்திக் கதை என்றால் பாழடைந்த கோட்டை, பழைய சாபம், உலவும் ஆவி. மேரி திகிலை இங்கோல்ஸ்டாட் நகரில் பல்கலைக்கழக மாணவன் விக்டரின் அறைக்குக் கொண்டுவந்தார்.

அவன் உருவாக்கிய படைப்பு உயிர்பெறும் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். 1931 திரைப்படம் காட்டிய மின்னலும் ராட்சதக் கருவிகளும் அதில் இல்லை. நவம்பர் இரவு, ஜன்னலில் மழை, அணையப்போகும் மெழுகுவத்தி. அந்த வெளிச்சத்தில் மங்கிய மஞ்சள் கண் ஒன்று திறக்கிறது. எப்படி உயிர் வந்தது என்ற ரகசியத்தை மேரி சொல்லவேயில்லை. வித்தையை மறைத்துவிட்டதால் நம் பார்வை முழுவதும் வித்தைக்காரன்மேல் விழுகிறது. விக்டர் என்ன செய்கிறான்? அறையை விட்டு ஓடுகிறான். நாவலின் எச்சரிக்கை அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது. செய்து பார்த்ததைவிட, செய்ததைக் கைவிட்டதே பெரிய குற்றம்.

அந்தக் குற்றச்சாட்டை வைப்பதும் கைவிடப்பட்ட அந்த உயிரே. வடதுருவம் நோக்கிக் கப்பலில் செல்லும் வால்டனின் கடிதங்களுக்குள் விக்டரின் கதை, அதற்குள் பெயரில்லாத அந்தப் படைப்பின் கதை என்று மூன்றடுக்காக நாவலைக் கட்டி, நட்டநடுவில் அதைப் பேசவைக்கிறார் மேரி. பலகை அடைத்த ஜன்னலின் இடுக்கு வழியே ஒரு குடும்பத்தைப் பார்த்துப் பார்த்து மொழி கற்ற கதையை, பனிமலையில் அது விக்டரிடமே விவரிக்கிறது. அந்தக் கதையைக் கேட்டபின் வாசகனால் அந்தப் படைப்பை வெறும் அரக்கனாகப் பார்க்க முடிவதில்லை.

முடிவிலும் மேரி எதையும் எளிதாக்கவில்லை. பேராசையின் கேட்டை வால்டனுக்கு எடுத்துச்சொன்ன அதே விக்டர், மரணப் படுக்கையிலும் பனிக்கடலில் முன்னேறும்படி மாலுமிகளைத் தூண்டுகிறான். வால்டன் கப்பலைத் திருப்பச் சம்மதிக்கிறான். மனம் மாறியதால் அல்ல, உயிருக்குப் பயந்த மாலுமிகள் வற்புறுத்தியதால். அந்த ஏமாற்றத்தை அவன் மறைக்கவும் இல்லை.