மேசையின் அடிப்பக்கம்

கையால் செய்த எழுதுமேசையின் தரத்தை அறிய மேற்பலகையைத் தடவிப் பார்த்தால் போதாது. குனிந்து அடியிலும் பார்க்க வேண்டும். மழை கொட்டும் அம்பர்நாத்தில் இது கட்டாயம். மாசியில் உலர்ந்து சுருங்கும் மரம், ஆடியில் காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும். நீளவாக்கில் அசைவு இல்லை என்றே சொல்லலாம், எல்லாம் குறுக்குவாக்கில்தான். இரண்டடி அகலத் தேக்குப் பலகை, அறுத்த விதத்தைப் பொறுத்து, 2 முதல் 5 மில்லிமீட்டர் வரை கூடிக் குறையும்.

ஆயத்த மேசைக்குப் பக்கத்து ஊரான உல்லாஸ்நகரின் ஃபர்னிச்சர் கடைகள் உண்டு. பால்கனியைப் பட்டறையாக்கிக்கொண்டவர் தேடுவதோ மரத்தை. மும்பையில் இடிபடும் 'சால்' எனப்படும் பழைய வரிசைக் குடியிருப்புகளின் பர்மா தேக்கு உத்திரங்கள் அதற்கு மிக உகந்தவை. பல பத்தாண்டு காய்ந்தவை, வைரம் பாய்ந்தவை. உள்ளே ஒளிந்திருக்கும் ஆணி உளிவாயைச் சிதைத்துவிடும் என்பதால் காந்தத்தால் தடவிப் பார்த்த பிறகே அறுக்க வேண்டும். புதுமரம் என்றால் பல்லார்ஷா பக்கத்திலிருந்து வரும் சி.பி. (பழைய மத்திய மாகாண) தேக்கு.

இழைப்புளிக்கு அம்பர்நாத் கடைகளில் 'ரந்தா' என்று பெயர். மரத்தின் ஓட்டத்தோடு தள்ளினால் சீவல் அறுபடாத நாடாவாகச் சுருண்டு எழும். எதிரே தள்ளினால் பலகை பிய்ந்துவரும்.

காலையும் சட்டத்தையும் சேர்ப்பது சட்ட முனையில் சீவிய கழுந்தும் காலில் குடைந்த துளையும். கழுந்தின் கனம் மரத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. மர ஆணி அடிக்கும் இடத்தில்தான் நுட்பம் இருக்கிறது. காலில் போட்ட ஓட்டைக்கு நேராகக் கழுந்தில் ஓட்டை போடுவதில்லை. கழுந்தின் தோள்பட்டைப் பக்கமாக ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போடுவார்கள். முனை சீவிய ஆணி கொட்டாப்புளி அடிக்கு அடி இறங்கும்போது சட்டம் காலோடு இழுபடும். இடையே இருந்த மயிரிழை இடைவெளி கண்ணெதிரே மூடிக்கொள்ளும். பசைகூட வேண்டாம். தச்சு வேலையில் இதைவிட அழகான நொடி அரிது.

மேற்பலகையைப் பசையிட்டோ சுற்றிலும் திருகாணி முடுக்கியோ இறுக்குவதுதான் பலர் செய்யும் பிழை. விரிய வழியில்லாத பலகை வளையும். சுருங்க வழியில்லாதது நடுவே வெடிக்கும். தேர்ந்த கை, சட்டத்தின் உட்புறம் காடி இழுத்து, விரல் நீளச் சிறு கட்டைகளின் நாக்கை அதில் செருகும். திருகாணி கட்டையைப் பலகையோடு மட்டுமே பிடிக்கும். பலகை அசையும்போது நாக்கு காடிக்குள் நகர்ந்துகொடுக்கும். மேலே இருந்து எதுவும் தெரியாது. டிராயருக்கும் இதே கணக்குதான்: மாசியில் கச்சிதமாகப் பொருத்தினால் ஆடியில் சிக்கும்.

பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் போதும். கண்ணாடிபோல் மினுக்கும் வார்னிஷ் தேவையில்லை. எண்ணெய் தோய்ந்த துணியை மட்டும் சுருட்டிப் போடக்கூடாது, தானாகவே தீப்பற்றக்கூடும். கொடியில் விரித்துக் காயவிட வேண்டும்.