மினாரி: பாட்டியை யார் கண்ணால் பார்ப்பது?

ஒரு படத்தில் எத்தனை இனத்தார் தலைகாட்டுகிறார்கள் என்று எண்ணுவது எளிது. லீ ஐசக் சுங் இயக்கிய 'மினாரி'யை (2020) அப்படி எண்ணினால் பெரிதாக ஒன்றும் தேறாது. 1980களின் ஆர்கன்சாஸ் கிராமப்புறம், ஒரு கொரியக் குடும்பம், சுற்றிலும் வெள்ளைக்காரர்கள். அவ்வளவுதான். தலைகளை எண்ணாமல், யாரை யார் எந்தக் கண்ணால் பார்க்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டே வாருங்கள்.

முதலில் பாட்டி வரும் காட்சி. அப்பா ஜேக்கப் நிலம் வாங்கி, அமெரிக்காவில் குடியேறும் கொரியர்களுக்காகக் கொரியக் காய்கறி பயிரிடப் பார்க்கிறார். வயிற்றுப்பாட்டுக்கு அவரும் மனைவி மோனிகாவும் கோழிப் பண்ணையில் குஞ்சுகளைச் சேவல், பெட்டை என்று பிரிக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள கொரியாவிலிருந்து வருகிறார் பாட்டி சூன்ஜா. மூட்டையை அவிழ்த்து மிளகாய்த்தூளையும் நெத்திலிக் கருவாட்டையும் எடுக்கும்போது மகள் மோனிகாவின் கண் கலங்குகிறது. கருவாட்டுக்கு எதற்கு அழுகை என்று படம் யாருக்கும் விளக்குவதில்லை. வெள்ளைக்காரப் பார்வையாளருக்குக் கோனார் உரை போட்டுக்கொண்டிருக்காத இந்தத் தைரியம்தான் படத்தின் முதல் சுகம்.

பேரன் டேவிட்டுக்கோ பாட்டியைக் கண்டாலே ஆகவில்லை. பிஸ்கட் சுடத் தெரியாது, கெட்ட வார்த்தை பேசுகிறார், ஆம்பளை ஜட்டி போடுகிறார். இதெல்லாம் ஒரு பாட்டியா? பாட்டி மேல் கொரியா வாசனை அடிக்கிறதாம். கொரியாவை அவன் பார்த்ததே இல்லை! பாட்டி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற அச்சு அவனுக்கு அமெரிக்காவிலிருந்து கிடைத்தது. தன்னைப் போன்றவர்களைத் திரையில் காணாத பிள்ளை சொந்தப் பாட்டியையே அந்நியராகப் பார்க்கும். இதைப் பிரசங்கமாக்காமல், பாட்டி குடிக்கும் கோப்பையில் பேரன் செய்யும் அசிங்கமான குறும்பாக்கிச் சிரிக்க வைக்கிறார் சுங். அந்தப் பாட்டியாக நடித்த யூன் யோ-ஜங், 2021இல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பெற்றார்.

சர்ச் காட்சியில் ஒரு வெள்ளைக்காரப் பையன், உன் மூஞ்சி ஏன் தட்டையாக இருக்கிறது என்று டேவிட்டிடம் கேட்கிறான். வில்லத்தனமான இசை எதுவும் எழவில்லை. கேட்டவனே பிறகு நண்பனாகிறான். காயமும் சிநேகமும் ஒரே வாயிலிருந்து வருவதை அப்படியே விட்டுவிடுகிறது படம். கொரியர்களும் ஒரே வார்ப்பில்லை. இங்கே ஏன் கொரிய சர்ச் இல்லை என்று மோனிகா கேட்க, அதிலிருந்து தப்பித்துத்தான் பலர் இங்கே வந்தார்கள் என்கிறார் உடன் வேலை செய்யும் கொரியப் பெண்.

டப்பிங் வேண்டாம், சப்டைட்டிலோடு பாருங்கள். பெற்றோரின் சண்டை கொரிய மொழியில், பிள்ளைகளின் பேச்சில் ஆங்கிலம். வீட்டுக்குள் ஓடும் அந்தக் கோடு டப்பிங்கில் அழிந்துபோகும். அமெரிக்காவிலேயே எடுத்த இந்த அமெரிக்கப் படத்தை, வசனத்தில் பாதிக்கு மேல் கொரிய மொழி என்பதற்காக, கோல்டன் குளோப் 2021இல் வெளிநாட்டு மொழிப் பிரிவில் தள்ளியது. பரிசும் அதிலேயே கொடுத்தார்கள். டேவிட் பாட்டியைப் பார்த்த பார்வைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு ஒரு குறையும் உண்டு. சுங் தன் சிறுவயது நினைவுகள் எண்பதை எழுதி வைத்துக்கொண்டுதான் திரைக்கதையைத் தொடங்கினார். அதனால் இது ஒரு பையனின் நினைவு. அக்கா ஆன் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள், பெரியவர்களின் சண்டைக்கு நடுவே நிற்கிறாள். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று படம் கேட்பதே இல்லை. இரண்டாம் முறை பார்க்கும்போது டேவிட்டை விட்டுவிட்டு அவளையே பின்தொடருங்கள். பேச்சு அதிகம் கிடைக்காது. மற்றவர்கள் பேசும்போது அவள் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள்.