பதி என்னுஞ் சொல்

முப்பொருளுள் முதற்கண் வைத்தெண்ணப்படும் பதி என்னுஞ் சொல்லின் பிறப்புப் பற்றி ஒருசாரார் வேறோர் உரை கூறுப. தமிழிற் பதி என்பது ஊர், உறைவிடம் எனப் பொருள்படுதலின், உயிர்கட்கெல்லாம் உறைவிடமாய் நிற்றல் பற்றியே இறைவன் பதி எனப்பட்டான் என்பது அவர் கூற்று. கேட்டற்கு இனிதாயினும் அது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

தமிழிற் பதிதல் என்னும் வினை அழுந்துதல், தங்குதல் எனப் பொருள்படும். நிலத்திற் சுவடு பதிதலும், பொன்னில் மணி பதித்தலும் அதன் வழக்கு. குடிகள் நிலையாகத் தங்கும் ஊரும் பதி எனப்பட்டது. வைணவர் 108 திருப்பதி என்றெண்ணுமிடத்து நிற்பது இவ்விடப்பொருளே. ஆண்டுத் தலைவன் என்னும் பொருள் செல்லாது.

வடமொழியிற் பதி என்பது தலைவன், உடையவன், கணவன் என்னும் பொருட்டு. பிரசாபதி, கிருகபதி என வேதத்திலேயே அது பயில்கின்றது. உணாதி நூலார் அதனைக் காத்தற்பொருட்டாய 'பா' என்னும் வேரின்கண் வைப்பர். ஒப்பியன் மொழிநூலாரோ தலைவனைக் குறித்த பழஞ்சொல் என்றே கொள்வர். கிரேக்கத்திற் கணவனைக் குறிக்கும் 'பொசிஸ்', இலத்தீனில் வல்லமை குறிக்கும் 'பொதிஸ்', இலித்துவேனியத்திற் கணவன் என்றும் தான் என்றும் பொருள்படும் 'பத்ஸ்' என்பன அதன் கிளைகள். பசுபதி என்னுந் தொடரில் நிற்பது இச்சொல்லே. பசுக்களுக்கு ஊர் என அத்தொடர்க்குப் பொருள் கொள்வார் யாருமிலர்.

ஒலி ஒத்தலே அமையும் எனின், வரும் இழுக்குப் பெரிது. இலத்தீனிற் 'பதி', ஈற்றுயிர் நீண்டொலிப்பினும், துன்புறுதல், பொறுத்தல் என்னும் பொருட்டு. சாவக மொழியிற் 'பதி' என்பது சாவு. மலாய் மொழியில் அது பிழிந்த சாற்றையும் மாவின் சத்தையும் குறிக்கும். இவற்றை இறைவன்மேல் ஏற்றின், துன்புறுதல் பசுவின் இயல்பாகவும் அது பதிக்கு உரியதாம். பிறப்பிறப்பில்லான் பெயர் சாவாய் முடியும். ஆகலின் ஒலியொப்புமை ஒன்றே கொண்டு சொற்பிறப்புத் துணிதல் கூடாது.

அற்றேல், உயிர்கட்குத் தாரகமாய் இறைவன் நிற்றல் சித்தாந்தத்துக்கும் உடன்பாடன்றோ எனின், உடன்பாடே. அஃது அவன் வியாபகம் பற்றிக் கொள்ளப்படுவது. பதி என்னுஞ் சொற்குப் பொருளன்று. இடம் தன்கண் இருப்பாரை அறியாது. குடியிருப்பானது நோயை வீடு தீர்க்குமாறில்லை. பதியோ உயிர்களை அறிந்து, ஐந்தொழிலால் மலத்தைப் பக்குவப்படுத்தி, குருவாய் எழுந்தருளி உணர்த்தும் முதற்பொருள். வெறும் இடமெனக் கொள்ளின், சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்துக் கூறப்படும் அவ்வருட்செயல் நிகழுமாறு யாங்ஙனம்? சொல்லுக்குக் கூறும் புத்துரை பொருளையே அழித்தல் காண்க.

இனி, இலித்துவேனியச் சொல்லிற் 'தான்' என்னும் பொருள் உண்மை கண்டு, எண்குணத்துள் தன்வயத்தனாதல் ஆங்கே பெறப்படும் என மகிழ்தலும் வேண்டா. அதுவும் முன்னைய பிழையின் மற்றொரு வடிவே. சமயப்பொருள் துணியப்படுவது நூல்வழக்கானும் அனுபவத்தானுமன்றி அயன்மொழிச் சொற்களானன்று.

தமிழுக்கு ஏற்றந் தேடும் விருப்பம் குற்றமன்று. ஆயினும் வடசொல்லையும் செய்யுட்சொல் நான்கனுள் ஒன்றாகத் தொல்காப்பியரே வைத்தார். முப்பொருளின் இயல்பை 12 சூத்திரங்களில் மெய்கண்டார் தமிழால் நிறுவியதே தமிழ்க்குப் போதிய ஏற்றம். ஊரைக் குறிக்கும் பதி தமிழ்ச்சொல், தலைவனைக் குறிக்கும் பதி வடசொல் எனப் பிரித்துணர்தலால் தமிழுக்கும் சைவத்துக்கும் வரும் இழுக்கு யாதுமின்று என்க.