மீனவனும் மந்திரவாதிகளும்

சிறுவயதில் படித்த மாயக்கதைகளைப் பற்றி நம் எழுத்தாளர்கள் எழுதும்போது விமர்சகன் எழுந்து போய்விடுகிறான். அவன் நாற்காலியில் ஒரு பத்து வயதுப் பையன் வந்து உட்கார்ந்துகொள்கிறான். ‘அந்த நாட்களில்’ என்று தொடங்கும் அந்தப் பேச்சில் புத்தகம் கிடையாது, வயதுதான் இருக்கிறது. இன்னொரு பக்கம், மாயக்கதை என்றாலே தப்பித்தல் என்று ஒதுக்குவதும் நம் வட்டத்தில் பழகிப்போன ஒன்று. புதுமைப்பித்தன் எழுதினார் என்பதற்காகக் ‘கபாடபுர’த்துக்கு மட்டும் விலக்கு. இரண்டுமே படிக்காமலிருப்பதற்கான உபாயங்கள் என்று எனக்குப் படுகிறது.

நான் இப்போது திரும்பப் படித்தது அம்புலிமாமாவில் வந்த மூன்று மாந்திரீகர்கள் பற்றிய தொடர். இதழ்களிலிருந்து பிரித்தெடுத்து பைண்டு செய்த பக்கங்கள். காசிமேட்டில் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தவை. அவற்றில் எழுதியவர் பெயர் இல்லை. எழுதியவர் தாசரி சுப்பிரமணியம். 1952இல் அந்தப் பத்திரிகையில் சேர்ந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே வேலை பார்த்து, 2010இல் இறந்தவர். தெலுங்கில் அவர் எழுதியதுதான் தமிழில் நமக்குக் கிடைத்தது. 1980இல் இறக்கும்வரை பத்திரிகையை நடத்திய கொடவட்டிகண்டி குடும்பராவ், தெலுங்கு நவீன உரைநடையின் முக்கியமான பெயர்களில் ஒன்று. இருவரும் இடதுசாரி மனப்போக்கு உடையவர்கள். வடபழனியில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளுக்குப் பூதங்களைப் படைத்தவர்கள் இவர்கள்.

கதாநாயகன் பிங்களன் ஒரு மீனவன். அவனுக்கு இரண்டு அண்ணன்கள். ஏரிக்கரைக்கு வரும் மந்திரவாதி, தன்னைக் கட்டித் தண்ணீரில் தள்ளச் சொல்கிறான். இந்தக் கதையின் வேர், ஆயிரத்தோரு இரவுகளில் வரும் ஜூதர் என்ற கெய்ரோ மீனவனின் கதை. பர்ட்டனின் 1885ஆம் வருஷத்து மொழிபெயர்ப்பை அருகில் வைத்துக்கொண்டு தொடரைப் படித்தபோது, சின்ன வயதில் என்னைப் பிடித்து வைத்திருந்தது எது என்பது விளங்கிற்று. பூதங்கள் அல்ல. கடன்.

ஜூதரின் வலையில் நாள் கணக்கில் மீன் விழுவதில்லை. வெறுங்கையோடு திரும்புகிறவனைக் கூப்பிட்டு, ரொட்டிக் கடைக்காரன் ரொட்டியும் சில்லறையும் கொடுக்கிறான். நாளைக்கு மீனாகக் கொடு என்கிறான். நாளைக்கும் மீன் இல்லை. கடன் ஏறுகிறது. முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போடவேண்டும் என்ற ஏற்பாட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, ஒரு வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பிழைப்பவனுக்கு, இது கெய்ரோ இல்லை. அப்புறந்தான் மந்திரவாதி வருகிறான். தண்ணீருக்கு மேலே கை வந்தால் வலை வீசி இழுத்துக்கொள். கால் வந்தால் நான் செத்தேன், என் கோவேறு கழுதையைக் கொண்டுபோய்க் கொடுத்து 100 தினார் வாங்கிக்கொள் என்கிறான். முதல் ஆள் சாகிறான். ஜூதர் பணத்தை வாங்கி ரொட்டிக் கடனை அடைக்கிறான். இரண்டாவது ஆளும் சாகிறான். தினம் ஒருத்தன் இப்படி வந்து செத்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றுகிறது. வறுமை ஒரு நல்ல மனிதனை எந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும் என்பதை இதைவிடக் குறைந்த வார்த்தைகளில் சொன்ன யதார்த்தவாதக் கதை எனக்கு ஞாபகம் வரவில்லை.

2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. பிறகு மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை வந்தது. பாஸ்புத்தகத்தை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றவர்களின் முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. வலை காலியாக இருக்கப் பணம் வேறொரு வழியில் வருகிறது. அந்த நிலை ஜூதருக்குப் பரிச்சயமானது.

புதையலின் ஏழாவது கதவில் அவனுடைய தாயின் உருவம் நிற்கிறது. அதன் ஆடைகளைக் களையச் சொல்லி மிரட்டினால்தான் உள்ளே போகலாம். அது வெறும் மாயத் தோற்றம் என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள். முதல் முறை அவனால் முடிவதில்லை. அடித்துத் துரத்துகிறார்கள். ஒரு வருஷம் காத்திருந்து, மறுமுறை கல்மனதோடு போய் ஜெயிக்கிறான். ஊர் திரும்பினால், நிஜமான தாய் தெருவில் பிச்சைக்கு உட்கார்ந்திருக்கிறாள். கதை இந்த இரண்டு தாய்களைப் பற்றி ஒரு வார்த்தை விளக்கம் சொல்வதில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

எல்லா வித்தையும் தெரிந்த மந்திரவாதிகளுக்கு ஒரு மீனவனின் கை இல்லாமல் புதையல் திறக்காது. இந்தக் கதையைத் தாசரி சுப்பிரமணியம் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

குறையையும் சொல்லவேண்டும். தொடரில் மந்திரவாதியும் மீனவனும் ஒரே அச்சுத் தமிழில் பேசுகிறார்கள். அந்த மொழிக்கு ஊர் கிடையாது, தொழில் கிடையாது, உப்பு கிடையாது. ஊரில்லாத மொழி என்பதால்தான் காசிமேட்டுப் பையன் பிங்களனைத் தன் தெருக்காரனாக எடுத்துக்கொள்ள முடிந்தது என்று வாதிடலாம். ஆனால் அது பையனின் கற்பனைக்குச் சேரவேண்டிய பெருமை, எழுத்துக்கு அல்ல. வளர்ந்த வாசகன் அந்த வேலையை இலவசமாகச் செய்து தரமாட்டான்.

அரபுக் கதை முடியும் விதம் கடுமையானது. ஜூதருக்கு அண்ணனே விஷம் வைக்கிறான். அந்த அண்ணனுக்கு ஜூதரின் மனைவி விஷம் வைக்கிறாள். பிறகு அவள் மந்திர மோதிரத்தை உடைத்து, கேட்ட உணவையெல்லாம் தந்துகொண்டிருந்த பையையும் கிழித்துப் போடுகிறாள். தப்பித்தல் என்று நாம் பெயர் வைத்திருக்கும் இலக்கியம், தப்பிக்கும் வழியைத் தன் கையாலேயே அடைத்துவிட்டு முடிகிறது. இதைப் பிள்ளைகளிடம் மட்டும் விட்டுவைத்திருப்பது நம் விமர்சனத்தின் சோம்பேறித்தனம்.