‘கள்ள’ என்னும் அடை

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. ஆங்கில நாளேடுகள் அந்தச் சாராயத்துக்குக் கொடுத்த பெயரடைகளில் ஒன்று ‘இல்லிசிட்’. தமிழில் அது ‘கள்ளச்சாராயம்’. கணவன் மனைவியைக் கொன்ற செய்தியை எழுதும்போதும் அதே ஆங்கிலச் சொல் வருகிறது. தமிழிலும் அதே அடை வருகிறது: ‘கள்ளக்காதல்’. சாராயத்துக்கும் ஒரு பெண்ணின் உறவுக்கும் ஒரே அடை எப்படிப் பொருந்துகிறது?

‘இல்லிசிட்’ லத்தீன் வழி வந்தது. அனுமதியைக் குறிக்கும் வேரோடு ‘அல்லாத’ என்னும் முன்னொட்டு சேர்ந்தது. ‘லைசென்ஸ்’ பிறந்ததும் அதே வேரிலிருந்துதான். ஆக, அனுமதி பெறாதது என்பதே அதன் நேர்ப்பொருள். ஒழுக்கக் கண்டனம் பிறகு அதன்மேல் படிந்தது.

தமிழின் ‘கள்ள’ அனுமதியைப் பற்றிப் பேசுவதில்லை. கள்ளநோட்டு, கள்ளச்சாவி, கள்ள ஓட்டு என்று ஏமாற்றையும் திருட்டையும் பேசுகிறது. திருட்டு என்றால் பறிகொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். சாராயத்தில் பறிகொடுப்பது அரசு. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. காதலில் பறிகொடுத்தவர் கணவர். அப்படியானால் களவுபோன பொருள் மனைவி. இந்தக் கணக்கை நாம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த அடையே சொல்லிவிடுகிறது.

சட்டமும் இதே கணக்கைத்தான் போட்டது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 497-ஆம் பிரிவு, கணவனின் சம்மதமோ உடந்தையோ இல்லாமல் அவன் மனைவியோடு உறவுகொண்ட ஆணைத் தண்டித்தது. கணவன் சம்மதித்தால் குற்றமே இல்லை. தன் கணவன் வேறொருத்தியிடம் போனால் மனைவி புகார் கொடுக்க வழியில்லை. லைசென்ஸ் வழங்கும் அலுவலகம் கணவனிடம் இருந்தது என்று பொருள். 2018 செப்டம்பர் 27 அன்று, ஜோசப் ஷைன் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தப் பிரிவை நீக்கியது. மனைவி கணவனின் உடைமை அல்ல என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. இன்று அது விவாகரத்துக்கான காரணம், குற்றமல்ல. தலைப்புச் செய்திகளில் மட்டும் ‘கள்ள’ இன்னும் விடுதலையாகவில்லை.

இது பழந்தமிழ்ப் பண்பாடு தந்த தீர்ப்பு என்று சொல்பவர்களுக்குத் தொல்காப்பியம் இடம் தருவதில்லை. அதில் களவுக்கென்றே ஓர் இயல் இருக்கிறது. மணத்துக்கு முன்பு இருவர் மறைவாகக் கொள்ளும் காதல் அங்கே களவு. பழிச்சொல் அல்ல, இலக்கணம் வகுத்துக்கொண்ட ஒழுக்கம். அந்தக் களவு கற்பில், அதாவது திருமணத்தில், முடிய வேண்டும் என்ற நிபந்தனையையும் நாம் மறக்க வேண்டாம். எனவே பொற்காலம் ஒன்றைக் கற்பனை செய்யத் தேவையில்லை. ஒரே வேர்ச்சொல் ஒரு காலத்தில் பழியில்லாத மறைவையும் சொன்னது, இன்று குற்றத்தைச் சொல்கிறது என்பதைக் கவனித்தால் போதும்.

மாற்றுச் சொற்களை எடைபோட்டுப் பார்ப்போம். ‘தகாத உறவு’ என்றால் தகுதியைத் தீர்மானிப்பது ஊர். ‘முறையற்ற உறவு’ என்றால் உறவுமுறையும் சாதியும். ‘சட்டவிரோத உறவு’ 2018-க்குப் பிறகு வெறும் பொய். ‘திருமணத்தை மீறிய உறவு’ இப்போது பரவலாகிவருகிறது. மேலான சொல்தான், ஆனால் ‘மீறிய’ என்பதில் வேலி தாண்டிய குற்றம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘திருமணத்துக்கு வெளியிலான உறவு’ என்பது நீளம். ஆனால் தீர்ப்புச் சொல்லாதது. கணவன் மனைவியைக் கொன்ற செய்தியில் அதுகூட அநேகமாகத் தேவைப்படாது. அங்கே நடந்தது கொலை. உறவின் பெயரைத் தலைப்பில் வைத்தால் கொலைக்கு நியாயம் தேடிக் கொடுத்தது போலாகும்.

கருணாபுரத்திலும் அடை இதே வேலையைச் செய்தது. ‘விஷச்சாராயம்’ என்று எழுதினால், விஷத்தைக் கலந்தவர் யார், தடுக்காமல் விட்டவர் யார் என்ற கேள்வி எழும். ‘கள்ளச்சாராயம்’ என்றால் குடித்தவரும் களவில் கூட்டு. கணவனை இழந்தவளுக்கு அரசு கொடுத்த 10 லட்சம் ரூபாயைக் ‘குடித்துச் செத்தவனுக்குப் பணமா’ என்று கேலி பேசியவர்களுக்கு வசதியாக அமைந்தது இரண்டாவது சொல். அந்தப் பணத்தில் பிள்ளைகளை வளர்க்க வேண்டியவள் அந்தப் பேச்சில் காணாமல் போனாள்.

கல்வராயன் மலையையும் அதே அடைதான் மூடியிருந்தது. ஊறல் அழிப்புச் செய்திகளின் வழியாகவே அந்த மலை வெளியுலகுக்குத் தெரிந்தது. சாவுகளுக்குப் பிறகு, 2024-இல், சென்னை உயர் நீதிமன்றம் மலைவாழ் பழங்குடி மக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. சாலையும் அடிப்படை வசதிகளும் அப்போதுதான் பேசுபொருளாயின. பிரசவத்துக்கு மலையிறங்க வேண்டிய பெண்ணுக்கு அந்தச் சாலைதான் செய்தி.

மொழிபெயர்ப்பு வகுப்பில் இந்தப் பெயரடை வரும்போது மாணவிகள் அகராதிக்குப் போகுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம்: யாருடைய அனுமதி இல்லை? அரசுடையது என்றால் ‘உரிமம் இல்லாத’ என்று எழுதலாம். கணவனுடையது என்றால் அந்த அடையே வேண்டாம்.