பைத்தானும் சி++உம்: பாடநூல் காட்டாத இணைப்பு

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர் 11ஆம் வகுப்பில் சி++ மொழியையும் 12ஆம் வகுப்பில் பைத்தானையும் கற்கிறார். 2018, 2019 ஆண்டுகளில் வந்த புதிய பாடநூல்களால் அமைந்த வரிசை இது. இரண்டையும் கற்றவருக்கு ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் பயன்படுத்த முடியுமா என்ற கேள்வி தானாகவே எழும். 12ஆம் வகுப்பு நூலின் 14ஆவது பாடம் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது. பள்ளி நூலில் இத்தலைப்பு இடம்பெற்றதே பாராட்டுக்குரியது. ஆனால் பாடம் தரும் விடை வேறொரு கேள்விக்கான விடை.

பாடம் முதலில் பைத்தானையும் சி++ஐயும் ஒப்பிடுகிறது. சி++ நிரல்பெயர்ப்பி வழியே இயங்குவது, மாறியின் தரவினத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டியது. பைத்தானில் அந்தக் கட்டாயம் இல்லை. இது சரியான தொடக்கம். அடுத்து சி++ நிரலைப் பைத்தானுக்குள் கொண்டுவருவதை ‘ராப்பிங்’, அதாவது உறையிட்டுப் பொதிவது என்று விளக்கி, அதற்குரிய கருவிகளாகச் சிடைப்ஸ், ஸ்விக், சைத்தான், பூஸ்ட் பைத்தான் முதலியவற்றின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறது. பெயர்களோடு அவை முடிந்துவிடுகின்றன. செய்முறைக்கு வரும்போது அவற்றில் எதையும் எடுத்துக்கொள்ளாமல், ஓஎஸ் தொகுதியின் சிஸ்டம் செயற்கூற்றால் ‘ஜி++’ நிரல்பெயர்ப்பியை இயக்கி, அது உருவாக்கும் கோப்பை அதே சிஸ்டம் செயற்கூற்றால் மறுபடி இயக்குகிறது. கொடுத்த எண் முன்பின்னாகவும் ஒன்றா என்று பார்க்கும் சி++ நிரல்தான் எடுத்துக்காட்டு.

இங்கே நடப்பது என்ன? கட்டளைச் சாளரத்தில் நாம் கையால் தட்டச்சு செய்யும் இரண்டு வரிகளைப் பைத்தான் நமக்காகத் தட்டச்சு செய்கிறது. சி++ நிரல் தனிச் செயலாக்கமாக, தனக்கென ஒதுக்கப்பட்ட நினைவகத்தில் ஓடி முடிகிறது. அதிலுள்ள எந்தச் செயற்கூற்றையும் பைத்தான் அழைக்கவில்லை. எந்த மதிப்பும் பைத்தானிடம் திரும்பி வரவில்லை.

சிறிய சோதனை ஒன்றில் இது விளங்கிவிடும். திருவண்ணாமலை கிரிவலப் பாதை ஏறக்குறைய 14 கிலோமீட்டர். மணிக்கு 4 கிலோமீட்டர் நடப்பவர் எவ்வளவு நேரத்தில் சுற்றி வருவார் என்று கணக்கிடும் சி++ நிரலைப் பாடநூல் முறைப்படி இயக்கினால், திரையில் 3.5 என்று தெரியும். பைத்தானின் கைக்கு வருவதோ 0. பிழையின்றி முடிந்தது என்பதற்கான அடையாள எண் அது. அந்த மூன்றரை மணி நேரத்தை வைத்து அடுத்த கணக்கு எதையும் பைத்தானால் போட முடியாது.

தனித்தனி நிரல்களை அடுத்தடுத்து இயக்குவது தாழ்ந்த முறை என்று சொல்ல வரவில்லை. ஜி++ கூடத் தன் வேலையின் இறுதிக் கட்டங்களுக்கு வேறு நிரல்களை அழைத்துக்கொள்கிறது. சி++ நிரல் இடையில் முறிந்தாலும் பைத்தான் பிழைத்திருக்கும் என்ற பாதுகாப்பும் இதில் உண்டு. சிஸ்டம் செயற்கூற்றுக்குப் பதிலாகச் சப்பிராசஸ் தொகுதியைப் பயன்படுத்தி, சி++ அச்சிடும் உரையைப் பிடித்து எண்ணாக மாற்றச் சொல்லியிருந்தால், இரு நிரல்கள் உரை வழியே பேசிக்கொள்ளும் முறையை மாணவர் கற்றிருப்பார். அதுவும் பாடத்தில் இல்லை. இல்லாததைவிட, நடக்காத ஒன்றுக்கு ராப்பிங் என்று பெயர் சூட்டியிருப்பதுதான் பெரிய குறை.

உண்மையான ராப்பிங்கில் சி++ நிரலை நூலகக் கோப்பாகத் தொகுத்து, பைத்தான் ஓடும் அதே நினைவகத்துக்குள் ஏற்ற வேண்டும். உடனே இரண்டு சிக்கல்கள் வரும். முதலாவது பெயர். ஒரே பெயரில் பல செயற்கூறுகளை எழுத சி++ இடம் தருவதால், நிரல்பெயர்ப்பி ஒவ்வொரு பெயரோடும் தரவினக் குறிப்புகளைச் சேர்த்து உருமாற்றிவிடுகிறது. நாம் வைத்த பெயரில் தேடினால் பைத்தானுக்குக் கிடைக்காது. செயற்கூற்றின் முன் ‘எக்ஸ்டர்ன் சி’ என்று அறிவித்தால் பெயர் சி மொழி வழக்கப்படி மாறாமல் இருக்கும். வெவ்வேறு மொழிகள் சந்திக்கும்போது பொதுப் பாலமாகப் பெரும்பாலும் சி மொழியின் வழக்கமே பயன்படுவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இரண்டாவது தரவினம். வேறு எதுவும் சொல்லாவிட்டால், அழைத்த செயற்கூறு முழு எண்ணைத் திருப்பும் என்றே சிடைப்ஸ் எடுத்துக்கொள்கிறது. நமது கிரிவலக் கணக்கு 3.5 என்ற பின்ன எண்ணைத் திருப்பினால், பைத்தான் தவறான இடத்தில் படித்துத் தொடர்பில்லாத ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். பிழைச் செய்தியும் வராது. திருப்பும் தரவினம் இன்னது என்று ஒரு வரி எழுதினால் 3.5 வந்துவிடும். தரவின அறிவிப்பு பற்றிய ஒப்பீட்டைப் பாடத்தின் தொடக்கத்திலேயே வைத்திருந்தார்களே, அது உயிர் பெற வேண்டிய இடம் இதுதான். மாணவரை அங்கே அழைத்துச் செல்லாமல், ஸ்விக் என்பதன் விரிவாக்கம் என்ன என்று பயிற்சியில் கேட்கிறார்கள்.

இதில் ஒரு விந்தை உண்டு. 15ஆவது பாடம் எஸ்கியூலைட் தரவுத்தளத்தைப் பைத்தானிலிருந்து பயன்படுத்தக் கற்பிக்கிறது. எஸ்கியூலைட் சி மொழியில் எழுதப்பட்டது. 16ஆவது பாடம் மேட்பிளாட்லிப் கொண்டு வரைபடம் வரையச் சொல்கிறது. அதன் புள்ளிகளையும் கோடுகளையும் படமாக்கும் உள்பகுதி சி++இல் எழுதப்பட்டது. அதாவது 14ஆவது பாடத்தில் கிடைக்காத ராப்பிங்கை மாணவர் அடுத்த இரண்டு பாடங்களிலும் தம் கையாலேயே பயன்படுத்துகிறார். அந்தப் பாடங்களில் ஒரு பத்தி சேர்த்திருந்தால் போதும், மூன்று பாடங்களும் ஒன்றையொன்று விளக்கியிருக்கும்.

எல்லையைக் கடப்பது எண்ணாக இல்லாமல் தமிழாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். ‘திருவண்ணாமலை’ என்ற சொல்லில் நம் கண்ணுக்கு 7 எழுத்துகள். பைத்தானிடம் நீளம் கேட்டால் 12 என்கிறது. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனி ஒருங்குறிக் குறியீடுகளாக அது எண்ணுகிறது. அதே சொல்லை யுடிஎஃப்-8 முறையில் பெற்ற சி++ சரம் 36 என்கிறது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டு. மூன்றும் அவரவர் கணக்கில் சரியே. ஊர்ப்பெயருக்கு 20 இடம் போதும் என்று நினைத்து சி++ நிரலில் 20 பைட்டு ஒதுக்கியவரிடம் ஏழெழுத்து ஊர் அடங்காது. முதல் 10 பைட்டுகளை மட்டும் வெட்டிப் பைத்தானுக்கு அனுப்பினால், நான்காவது குறியீடு நடுவில் அறுந்து பைத்தான் பிழை காட்டும்.

பாடநூலின் முன்பின் சோதனையையே ‘விகடகவி’ என்ற சொல்லுக்குச் செய்து பார்க்கலாம். பைத்தானில் சரத்தைத் திருப்பினால் இகரக் குறி தன் வகரத்தை விட்டு முன்னே வந்து நிற்கும். சி++இல் பைட்டுகளைத் திருப்பினால் அது உரையாகவே தேறாது. இரண்டு மொழிகளும் விகடகவி முன்பின் ஒத்த சொல் அன்று என்றே தீர்ப்புச் சொல்லும். பைத்தானுக்கான ஓப்பன்-தமிழ் நூலகம் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருவதால் அதைக் கொண்டு சரியான விடை பெறலாம். ஆனால் எழுத்து என்பதற்கு எந்தக் கணக்கு என்று இரு பக்கமும் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். தமிழ் வழியில் படிக்கும் மாணவருக்கான நூல், இந்த எடுத்துக்காட்டை எண்ணோடு நிறுத்திக்கொண்டது இழப்புதான்.

வீட்டில் கணினி இல்லாத மாணவர் இப்பாடத்தைப் பெரும்பாலும் தாளில்தான் சந்திக்கிறார். கட்டளை வரியில் தரும் விருப்பங்களைப் பிரிக்கும் கெட்ஆப்ட் செயற்கூற்றின் தொடரியலை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் பெற்றுவிடலாம். ஆனால் அந்தச் செயற்கூறு கோப்பின் பெயரை வாங்குவதற்கு மட்டுமே இங்கே வருகிறது. மொழிகளை இணைப்பதில் அதற்குப் பங்கில்லை. அடுத்த பதிப்பில் அதற்குத் தந்த இடத்தைச் சிடைப்ஸுக்குத் தரலாம். இரண்டு எண்களை வாங்கி ஒன்றைத் திருப்பும் பத்து வரி சி++ செயற்கூறு, அதை அழைக்கும் ஐந்து வரி பைத்தான், தரவினத்தைச் சொல்ல மறந்தால் என்ன வரும் என்று காட்டும் ஒரு திரைப்படம் இருந்தால் போதும். அதுவரை இப்பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் கிரிவலக் கணக்கை இரண்டு முறையிலும் ஒருமுறை வகுப்பில் ஓட்டிக் காட்டலாம். அதற்குத் தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை, சிடைப்ஸ் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது.